பானெட்டில் வைத்த கை

என் தங்கையிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. இருபது நாளாகச் சொல்லவில்லை. தீயணைப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். கூரை இடிந்துகொண்டிருந்த வீட்டுக்குள் போயிருக்கிறேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் தினமும் தங்கை வீட்டு வாசல்வரைக்கும்தான் போனேன். நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். த்தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குச் சாதகமாக மழுப்பாமல் சொல்லப் பார்க்கிறேன்.

நிலையத்தில் எனக்குப் பேர் 'புறங்கை'. தீ அணைந்த பிறகு உள்ளே கனல் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையை வைத்துப் பார்ப்போம். எங்கள் வேலையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், லேசான சூடு அதற்கு உறைக்காது. புறங்கைத் தோல் மெல்லிசு. கதவோ சுவரோ காரோ, நான் கை வைத்து "ஆறிருச்சு" என்றால் ஆறிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அதிகாரிகூட வாய் திறக்க மாட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் பிசகியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

என் தங்கை புருஷனுக்கு ரெக்கவரி வண்டித் தொழில். ரிப்பேரான வண்டி, இடிபட்ட வண்டி, எரிந்த வண்டி எல்லாவற்றையும் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போய்த் தன் ஷெட்டில் விடுவான். ஷெட்டை ஒட்டியே வீடு. எங்கள் பகுதியில் எரிகிற கார் எதுவானாலும் நான் அணைப்பேன், அவன் அள்ளுவான். "நீ தண்ணி ஊத்திக் கெடுக்குறதத் தூக்கிட்டுப் போறதே என் பொழப்பாப் போச்சு மச்சான்" என்று சிரிப்பான். எரிந்த வண்டி என்றால் நான் கை வைத்துச் சொல்லாமல் கொக்கியைத் தொட மாட்டான். அது அவனுடைய கண்டிஷன்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணி. ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற ஜனம் முழுக்க மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் ஒரு பேட்டரி கார் எரிந்துகொண்டிருந்தது. நிலைய அதிகாரி லீவு. நான்தான் பொறுப்பு.

எரிகிற கார் எனக்குப் புதுசு இல்லை. பெட்ரோல் கார் என்றால் நுரையை அடித்து, பானெட்டைக் கடப்பாரையால் நெம்பி, எஞ்சின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால் மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். இது அந்த ஜாதி இல்லை. வண்டியின் அடியில், தரை முழுக்க, ஒரு மெத்தையைப் போலப் பேட்டரியைப் பரப்பி இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறான் இதைச் செய்த மகராசன். தண்ணீர் மேலே போகிறது, பக்கவாட்டில் வழிகிறது, எரிகிற இடத்துக்கு மட்டும் போய்ச் சேர மாட்டேன் என்கிறது. ஐந்து நிமிஷம் அடித்தோம். தீ அடங்கியது. நெற்றியைத் துடைத்தோம். அடியிலிருந்து பட்பட்டென்று சத்தம் வந்தது. வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. மறுபடியும் ஆளுயரத்துக்குத் தீ.

"அண்ணே, இது நமக்கே தண்ணி காட்டுது" என்றான் டேங்க். எங்கள் வண்டி ஓட்டுநர். வயிற்றை வைத்துத்தான் அந்தப் பேர். சிரிக்காமல் ஜோக் அடிக்கிற ஆள்.

காருக்குச் சொந்தக்காரன் தடுப்புச் சுவரோரம் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே யாரும் இல்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். நாலாவது தடவை பக்கத்தில் வந்து, "சார், டேஷ்போர்டுல என் கூலிங் கிளாஸ் இருக்கு" என்றான். டேங்க் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "அது இப்ப நல்லா சூடா இருக்கும் சார், ஆறட்டும்" என்றான்.

முதல் வண்டித் தண்ணீர் காலி. இரண்டாவது வண்டி வந்தது, அதுவும் காலி. ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, நானே குப்புறப் படுத்து அடியில் குழாயைப் பிடித்தேன். முழங்கை சுட்டது, கண்ணில் நீர் கொட்டியது, தொண்டைக்குள் தித்திப்பும் கசப்புமாக ஒரு நாற்றம் இறங்கியது. மூன்று தடவை அணைத்தோம், மூன்று தடவை எழுந்தது. சனியனே, செத்துத் தொலையேன் என்று வாய்விட்டுத் திட்டினேன். மூன்றாவது வண்டித் தண்ணீரும் பாதி போன பிறகுதான் புகை நின்றது. அப்போது மணி பன்னிரண்டு. சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வியர்வை தேறும்.

பாலத்தின் இரண்டு பக்கமும் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. டிராஃபிக் போலீஸ்காரர் என் தலைமேல் ஏறி உட்காராத குறை. "எப்ப சார் எடுப்பீங்க? மேலிடத்துலேருந்து என்னைப் பிடுங்கி எடுக்குறாங்க" என்றார்.

அந்த நேரத்தில்தான் வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேட்டார்கள். சூட்டைக் காட்டும் கேமரா ஒன்று இருக்கிறது. மூன்று நிலையத்துக்கும் சேர்த்து ஒன்று. "பேட்டரி வண்டிதானே, கேமராவ அனுப்பவா? முக்கால் மணி நேரம் ஆகும்."

"வேண்டாம். நான் பாத்துக்கிறேன்" என்றேன். இதை நான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

கையுறையைக் கழற்றினேன். நேரே காரின் முன்பக்கம் போய் பானெட்டில் புறங்கையை வைத்தேன். பச்சைத் தண்ணீராகச் சில்லென்று இருந்தது. இரண்டு கதவிலும் வைத்தேன், டிக்கியில் வைத்தேன். எல்லாம் சில். இருபத்திரண்டு வருஷமாக நான் கை வைக்கும் வரிசை அது. முதலில் பானெட், ஏனென்றால் அதற்கு அடியில்தான் எஞ்சின், சூடு கடைசிவரை தங்கும் இடம் அதுதான். இந்தக் காரில் பானெட்டுக்கு அடியில் எஞ்சினே கிடையாது. ஒரு காலிப் பெட்டி, அவ்வளவுதான். மூன்று மணி நேரம் அடியில் படுத்துக் குழாயைப் பிடித்தவனுக்கு, கை வைக்கிற நேரத்தில் அது தோன்றவில்லை. காலி இடத்தில் கையை வைத்துவிட்டுத் திரும்பி, "ஆறிருச்சு" என்றேன்.

மச்சான் கொக்கியோடு தயாராக நின்றிருந்தான். ஆனால் அன்றைக்கு அவன் முகம் சரியில்லை.

"மச்சான், பேட்டரி வண்டி. ஒரு நாள் வெளியிலயே போட்டு வைக்கவா?"

"எதுக்கு?"

"பக்கத்து ஊர்ல ஒரு ஷெட்டுல மறுநாள் பத்திக்கிச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பாலத்தில் எத்தனை பேர் பார்க்க, என் கைக்கு மேல் இன்னொரு பேச்சா? "யோவ் பயந்தாங்கொள்ளி, நான் கை வச்சுச் சொன்னதுக்கப்புறம் உனக்கு என்ன டவுட்டு? பேசாம ஷெட்டுக்குள்ளயே விடு. வேணும்னா பக்கத்துல கட்டிலப் போட்டு ஒரு தூக்கமும் போடு" என்றேன்.

டேங்க் சிரித்தான். போலீஸ்காரரும் சிரித்தார். மச்சானும் கொஞ்சம் அசடு வழியச் சிரித்துவிட்டுக் கொக்கியை மாட்டினான். எரிந்த வண்டியை ஒப்படைக்கும்போது எங்கே நிறுத்தணும், எப்படி நிறுத்தணும் என்பதை வாய் வார்த்தையாகச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். காகிதத்தில் எதுவும் இருக்காது.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு மணி அடித்தது. ஷெட்டில் தீ என்றார்கள். விலாசத்தை டேங்க் திரும்பச் சொன்னான். எனக்கு வழி சொல்லத் தேவை இருக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தகரக் கூரை சிவந்து வளைந்துகொண்டிருந்தது. நடுவில் அதே கார், அதே வெள்ளைப் புகை, அதே பட்பட் சத்தம். கேட்டுக்கு வெளியே தரையில் மச்சான் கிடந்தான். பக்கத்து ஒர்க்ஷாப்காரர்கள் ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். தங்கை அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவள் கண்ணெதிரே நடந்திருக்கிறது எல்லாம். அவன் ஒரு வேனுக்கு அடியில் படுத்து நட்டு கழற்றிக்கொண்டிருந்தான். புகையைப் பார்த்ததும் உருண்டு வெளியே வந்துவிட்டான். ஒரு கீறல் இல்லை. அப்படியே நின்றிருந்தால் இன்றைக்கும் என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பான். ஆனால் இரும்பு வெட்டுகிற கேஸ் சிலிண்டர் இரண்டு உள்ளே இருந்தன. பின்சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் குடியிருப்பு. ஒன்றை உருட்டி வெளியே கொண்டுவந்தான். இரண்டாவதுக்குப் போனபோது காரின் அடியிலிருந்து அடுப்பு ஊதியதுபோல் பக்கவாட்டில் தீ பீறிட்டு வந்து அவனை அடித்தது. அப்படியும் சிலிண்டரை விடவில்லை. அதோடுதான் வெளியே வந்து விழுந்தான்.

நான் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. உட்கார முடியாது, குழாயைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போன சத்தத்தை முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே, என் கை அணைத்துவிட்டதாகச் சொன்ன தீயை நான்கு மணி நேரம் அணைத்தேன்.

தீக்காய வார்டில் அவனைப் பார்க்க வேறு உடுப்பு, முகமூடி, தலைக்கு உறை எல்லாம் போட்டுத்தான் விட்டார்கள். அவனுக்குக் கண்ணும் வாயும்தான் கட்டுக்கு வெளியே தெரிந்தன. டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "மனச தேத்திக்குங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது நாள் துறையிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். மெலிந்த மனுஷர், நல்ல மாதிரி. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "வண்டிய எங்க நிறுத்தச் சொல்லி உங்ககிட்ட சொன்னாங்க?"

நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிடு, நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தன் அடித்துக்கொண்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் பேசிவிட்டான்.

"வெளியிலதான் விடச் சொன்னாரு. ஒரு நாள் முழுக்க. தள்ளி நிறுத்துன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. நாந்தான் கேக்கல."

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படித்தானா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். வாயால்கூடச் சொல்லவில்லை, மாடு மாதிரி ஆட்டினேன்.

அவர் எழுதிக்கொண்டு வெளியே போனார். வாசலில் தங்கையிடம் கேட்பது உள்ளே கேட்டது. அவளும் அதையேதான் சொன்னாள். "எங்கண்ணன் சொல்லத்தான் செஞ்சாரு. இவரு சொன்னா கேக்குற ஆளா?" மச்சான் அவளிடமும் முன்பே அப்படிச் சொல்லி நம்பவைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கட்டில் பக்கம் குனிந்தேன். "ஏன்யா இப்படிப் பண்ணே? ஏன்யா?"

அவனுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு இழுத்தது. "நான் தேற மாட்டேன் மச்சான். உன் வேலையும் போயிட்டா உன் தங்கச்சிக்கு யாரு? பாப்பாவுக்கு யாரு?" பிறகு, "கட்டிலப் போட்டுத் தூங்கச் சொன்னே பாத்தியா, தூங்கியிருந்தா இவ்வளவு வலி இருந்திருக்காது" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. குத்தியிருந்தால் தேவலை.

ஐந்தாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் என் தோளைத் தட்டினார்கள். "நீங்க படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கேக்கலியாமே, அவன் தலையெழுத்து, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்கள். செத்துப்போனவனைத் திட்டி என்னை ஆறுதல்படுத்தினார்கள். நான் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆறு வயசு மருமகள் என் மடியில் வந்து உட்கார்ந்து, "மாமா, அப்பா பேச்சு கேக்காம இருந்தாரா?" என்று கேட்டாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எதைக் கொண்டு தடவினேன் என்று அப்போது புரியவில்லை, வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

மூன்றாவது வாரம் விசாரணை அறிக்கை வந்தது. நிலையத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்கள். மீட்பு வண்டிக்காரரின் கவனக்குறைவு. தீயணைப்புக் குழுவின் சோதனை முறையில் குறை எதுவும் இல்லை. டேங்க் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். பாலத்தில் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவன் அவன். அவனுக்கும் தெரியும். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவனும் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனுஷர்கள் எல்லாரும் சேர்ந்து என்னைக் கழுத்தளவு புதைத்துவிட்டார்கள்.

ஷெட் எரிந்த பத்தொன்பதாம் நாள், பட்டப்பகலில், ஒரு கடை வாசலில் இன்னொரு கார். இதுவும் பேட்டரி கார். பற்றிய கொஞ்ச நேரத்தில் போய்விட்டோம், இரண்டு வண்டித் தண்ணீரில் அடங்கிவிட்டது. நான் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். டேங்க் குரல் கொடுத்தான். "புறங்கை அண்ணே, வந்து கைய வைங்க, கெளம்பலாம்."

எனக்குக் கை எழவில்லை. பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். டேங்க் என்ன நினைத்தானோ, "சரி, நானே பாக்குறேன்" என்று கையுறையைக் கழற்றினான். நேரே போய்ப் பானெட்டில் புறங்கையை வைத்தான்.

"சில்லுனு இருக்குண்ணே. ஆறிருச்சு."

"கைய எடுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் கடைக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். "அதுல எஞ்சினே இல்லடா முட்டாள்! காலி டப்பாவைத் தொட்டுப் பாத்து என்னடா தெரியும் உனக்கு?" அவனைத் திட்டவில்லை என்று அவனுக்கும் தெரியும். கேமராவை அனுப்பச் சொல்லிவிட்டு, அது வரும்வரை ஒன்றேகால் மணி நேரம் அந்தக் காரைவிட்டு நகரவில்லை. கேமராவில் பார்த்தால் வண்டியின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று கொதித்துக்கொண்டிருந்தது. டேங்க் திரையைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். அன்றைக்கு அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டேன். ஒரு வெள்ளைத்தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். கேமரா வேண்டாம் என்று சொன்னது, பானெட்டில் கை வைத்தது, உள்ளே விடச் சொன்னது, அதிகாரி கேட்டபோது தலையாட்டியது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். துறைக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் சொல்லியாக வேண்டும். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்குத் திரும்பவில்லை.

ஷெட்டை ஒட்டிய ஆபீஸ் அறையில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு வாளி சோப்புத் தண்ணீர். வாடிக்கையாளர்களின் வண்டிச் சாவிகள் எல்லாம் கரி பிடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்து, துணியில் துடைத்து, நம்பர் எழுதிய அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சாவிகளுக்குரிய வண்டிகளில் பாதி இப்போது இல்லை.

"உக்காருண்ணே" என்றாள்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். "மச்சான் பொய் சொல்லிட்டான்மா. வெளியில விடச் சொல்லல நான். அவன்தான் வெளியில போடுறேன்னு கேட்டான். நாந்தான் உள்ள விடுன்னேன். எல்லார் முன்னாடியும் பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு சாவியைத் துடைத்து முடித்துவிட்டு, "தெரியும்" என்றாள்.

"எப்படிம்மா?" என்றேன்.

"அன்னிக்கு வந்ததுமே எல்லாத்தையும் சொன்னாருண்ணே. உங்கண்ணன் பாலத்துல வச்சு என்ன கிண்டல் பண்ணிட்டான்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. ஆனா வண்டிய உள்ள விடல. கேட்டோரமா வெளியிலதான் நிறுத்தினாரு. உங்கண்ணன் என்ன சொன்னாலும் சொல்லட்டும், ஒரு நாள் கெடக்கட்டும்னாரு."

"வெளியிலயா?"

"ம். சாயங்காலம் வேற ரெண்டு வண்டி வந்துச்சு. கேட்ட மறிச்சுக்கிட்டு இது நிக்குது. மழை வேற தூறுது." அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள். "நாந்தான் கத்துனேன். எங்கண்ணன் கை வச்சுப் பாத்தாச்சு, அதுக்கு மேல உங்களுக்கு என்ன பயம், எடுத்து உள்ள விடுங்கன்னேன். நீ சொன்னியே அதே வார்த்தை, அதையும் சொன்னேன். அதுக்கப்புறம்தான் உள்ள விட்டாரு. நாம ரெண்டு பேரும் சேந்துதான்ணே அவர உள்ள அனுப்பினோம்."

அறை ஓரத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மூட வேண்டும் என்று தோன்றியது. நகர முடியவில்லை.

"அப்ப அதிகாரிகிட்ட ஏம்மா..."

"அவரு சொல்லச் சொன்னாரு. ஆஸ்பத்திரியில என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுச் சொன்னாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?" புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், கன்னத்தில் கரி ஒட்டியது. "நீ வந்து எங்கிட்டயாவது சொல்லுவேன்னு பாத்தேன். தெனமும் வாசல்ல வந்து நிப்ப. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டேதான் இருப்பேன். இன்னிக்கு வருவான், இன்னிக்கு வருவான்னு. நீ திரும்பிப் போயிருவ. நீ வந்து சொன்னா நானும் சொல்லிரலாம்னு உக்காந்திருந்தேன். இருபது நாளா இத ஒத்தையா சொமந்துக்கிட்டு."

நான் குனிந்து அவள் தலையில் கை வைத்தேன். சின்ன வயசிலிருந்து அவள் அழும்போதெல்லாம் அப்படித்தான் வைப்பேன்.

"கைய எடுண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

எடுத்துவிட்டேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினேன். ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அடிவரை நிதானமாகப் படித்தாள்.

"குடுத்தா வேலை போயிருமா?"

"போகும். கேஸும் வரலாம்."

"அவரு அதுக்காகத்தான் அத்தன வலியிலயும் பொய் சொன்னாரு."

"தெரியும்மா. ஆனா நேத்து டேங்க் ஒரு வண்டியில கை வச்சான். அதே மாதிரி பேட்டரி வண்டி, அதே பானெட்டு. கேமரா மட்டும் வரலன்னா அதையும் எவனாவது தன் ஷெட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டிருப்பான். சோதனை முறையில குறை இல்லன்னு எழுதிவச்சிருக்காங்கம்மா."

அவள் தாளைத் திரும்பவும் மேலிருந்து பார்த்தாள். "இதுல நான் சொன்னது இல்லையே."

"அது எனக்கு இப்பத்தானே தெரியும்."

"எழுது."

"மாட்டேன். உன்ன எதுக்கு இதுல இழுக்கணும்? தப்பு என் கையோடது."

"எனக்காகவா எழுதச் சொல்றேன்?" முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "வந்தவங்க அத்தன பேரும் அவரத் திட்டிட்டுப் போனாங்க. சொன்னா கேக்காதவன், திமிரு பிடிச்சவன், தானா தேடிக்கிட்டான்னு. எம் பொண்ணு வந்து கேக்குறா, அப்பா கெட்டவரான்னு. நானும் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், உன்ன மாதிரியே. அவரு மட்டும்தான்ணே சரியாச் சொன்னாரு. அத எழுது."

அட்டையில் நம்பர் போட வைத்திருந்த பேனாவை என் முன்னால் தள்ளினாள். நான் தரையில் உட்கார்ந்தேன். தாளின் அடியில் கொஞ்சம்தான் இடம் இருந்தது. நெருக்கி எழுதியதில் எழுத்து கோணல்மாணலாக வந்தது. ஆனால் படிக்க முடியும். "இறந்தவர் வண்டியைப் பத்திரமாக வெளியில்தான் நிறுத்தியிருந்தார். அதை உள்ளே விடவைத்தது நானும் என் தங்கையும்" என்று எழுதி, அடியில் என் கையெழுத்தைப் போட்டேன்.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பேனாவை வாங்கிக்கொண்டாள். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவளும் ஒன்று போட்டாள்.